பழைய பிரம்பு நாற்காலி: பின்னுவதா, வலை போடுவதா, ஒயர் மாட்டுவதா?

இந்தக் கேள்வி எனக்கு எப்போதும் ஒரு போட்டோவோடுதான் வரும். தேக்கு நாற்காலி, உட்காரும் இடத்தின் நடுவில் கை நுழையும் அளவுக்கு ஒரு பொத்தல், சுற்றிலும் தொங்கும் இழைகள். “தாத்தாவோடது. பின்னக் கொடுக்கலாமா, இல்ல ஒயர் போட்டுடலாமா? ஆசாரி பிளைவுட் அடிச்சு மேல குஷன் போட்டுக்கச் சொல்றார்.” நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். பாதிப் பதில் அங்கேதான் இருக்கிறது.

நான் தொழிலாகப் பின்னுகிறவன் இல்லை. வீட்டு நாற்காலிகள் நாலைந்தை விடுமுறை நாட்களில் மெதுவாகப் பின்னியிருக்கிறேன், அதில் ஒன்றைக் கெடுத்தும் இருக்கிறேன். அந்தக் கதை கீழே வரும்.

## எதை வைத்து முடிவு செய்வது

ஓட்டையா, காடியா? உட்காரும் சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளை போட்டு, இழைகள் அவற்றுக்குள் போய் வந்திருந்தால் அது கையால் பின்னிய நாற்காலி. துளையே இல்லாமல், சட்டத்தின் மேல்பக்கம் சுற்றி ஒரு பள்ளம் ஓடி, அதில் ஒரு பிரம்புக் குச்சி அழுத்திப் பதித்திருந்தால் அது ரெடிமேட் வலை போட்ட நாற்காலி. பள்ளத்தை ஆசாரிகள் காடி என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

யார், எவ்வளவு நேரம் உட்கார்வார்கள்? வாரத்துக்கு ஒருமுறை வரும் விருந்தாளிக்கும், தினமும் எட்டு மணி நேரம் லேப்டாப்போடு உட்காரும் மகளுக்கும் ஒரே விடை கிடையாது. ஒட்டடை அடிக்க அதன் மேல் ஏறி நிற்கும் ஆள் வீட்டில் உண்டா என்றும் பாருங்கள். உட்காரும்போது எடை பரவுகிறது, நிற்கும்போது எல்லாம் குதிகாலில் இறங்குகிறது. பிரம்பு கிழிவது பெரும்பாலும் இப்படித்தான்.

எங்கே கிடக்கப்போகிறது? சாரல் அடிக்கும் திண்ணையா, ஏசி அறையா, கூடமா? பிரம்புக்கு நனைந்துகொண்டே இருப்பதும் ஆகாது, ஒரேயடியாக வறள்வதும் ஆகாது.

மரம் எப்படி? மூட்டுகள் ஆடுகின்றனவா, உளுத்துப்போன மாவு கொட்டுகிறதா, துளை வரிசையில் எங்காவது விரிசல் ஓடுகிறதா?

பின்னால் பிரிக்க முடியுமா? நான் அதிக மார்க் போடுவது இதற்குத்தான். இன்று கையில் காசில்லாமல் ஏதோ ஒன்றைச் செய்கிறீர்கள். ஐந்து வருடம் கழித்து மனசு மாறினால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? சில வேலைகள் முடியும், சில முடியவே முடியாது. செலவை இதற்கு அடுத்தபடியாகத்தான் பார்ப்பேன்.

## செலவில்லாத வழி: வெந்நீர் ஒத்தடம்

இழை எதுவும் அறுபடாமல், உட்காரும் இடம் மட்டும் தொட்டில் மாதிரி தொய்ந்திருந்தால் அவசரப்பட்டு வெட்டாதீர்கள். பிரம்பு தண்ணீரில் இளகும், காயும்போது இறுகும். நாற்காலியைக் கவிழ்த்து, வெந்நீரில் பிழிந்த துண்டை அடிப்பக்கத்தில் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். இழையின் பளபளப்பான மேல்தோல் தண்ணீரை உள்ளே விடாது, மங்கலான அடிப்பக்கம்தான் குடிக்கும். அப்புறம் நிழலில் ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும், அதுவரை யாரும் உட்காரக் கூடாது.

பொத்தல் விழுந்ததற்கு இது உதவாது. ஒன்றிரண்டு இழை மட்டும் அறுந்திருந்தால் புது இழை நுழைத்து ஒட்டுப் போடலாம்தான். ஆனால் பக்கத்து இழைகளுக்கும் அதே வயசு என்பதால் ஒட்டுப் போட்ட இடம் நிற்கும், அதற்கு இரண்டு விரல் தள்ளி அறுந்துபோகும். விசேஷ நாள் வரை தாங்கினால் போதும் என்றால் செய்யுங்கள்.

## கையால் பின்னுவது

துளை போட்ட நாற்காலிக்கு இதுதான் முறையான வழி. வேலை எவ்வளவு என்று தெரிந்தால்தான் கேட்கும் கூலி நியாயமா என்று புரியும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் பழையதை அறுத்தெடுக்க வேண்டும். துளைகளுக்குள் பழைய இழையும் மரமுளையும் தூசும் சேர்ந்து கல் மாதிரி அடைத்திருக்கும். என் அப்பாவின் நாற்காலியில் 76 துளை. தலை தட்டிய ஒரு பழைய ஆணியை உளிபோல வைத்து அடிப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டியதில் ஒரு மாலை போனது. தரையில் விழுந்த குப்பையில் ஒரு குண்டூசியும் ஒரு பட்டாணியும் இருந்தன.

இழையின் அகலம் உங்கள் விருப்பமல்ல, துளைகளின் இடைவெளிதான் அதைச் சொல்லும். ஒரு துளையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை ஏறக்குறைய 13 மி.மீ. என்றால் 2.25 மி.மீ. இழை, 16 என்றால் 2.5, 19 என்றால் 3, 22 என்றால் 3.5. பெரிய இழையை நெருக்கமான துளைகளில் திணித்தால் கடைசி அடுக்கு நுழையவே நுழையாது. ஒரு சாதாரண நாற்காலிக்கு எழுபது எண்பது மீட்டர் இழை போகும்.

இழையை இருபது நிமிடம் போல ஊறவைத்து எடுத்தால் ஈரவைக்கோல் வாசம் வரும். விரலில் வைத்து ஒரு பக்கமாக உருவினால் வழுக்கும், எதிர்ப்பக்கமாக உருவினால் கணுக்களில் நகம் தட்டும். வழுக்கும் திசையிலேயே இழுக்க வேண்டும். முதல் அடுக்கு முன்னும் பின்னுமாக. இரண்டாவது அதன் மேல் இடவலமாக. மூன்றாவது மறுபடி முன்பின்னாக, முதல் இழைக்குச் சற்று ஒதுங்கி. இதுவரை பின்னலே கிடையாது, ஒன்றின் மேல் ஒன்று கிடக்கிறது, அவ்வளவுதான். நாலாவது அடுக்கு மேலும் கீழுமாக நுழையும்போதுதான் முதன்முதலாகப் பிடிப்பு வருகிறது. ஐந்தும் ஆறும் மூலைவாட்டாக, எதிரெதிராக. அப்போதுதான் அந்த எட்டு மூலைக் கண்கள் திறக்கும். ஏழாவது, ஓரத்தில் துளைகளை மூடும் பட்டை.

நான் கெடுத்தது ஐந்தாவது அடுக்கில். மூலைவாட்டு இழை சரியான பக்கமாகப் போனால் மூலை இடுக்கில் வழுக்கி உட்காரும். தப்பான பக்கமாகப் போனால் மற்ற இழைகளின் விளிம்பில் மாட்டி நெளியும். எனக்கு மாட்டியது, பலமாக இழுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பார்க்கப் பழுதில்லாமல்தான் இருந்தது. இரண்டே வருடத்தில் அந்த இழைகள் ஒன்றையொன்று அறுத்துவிட்டன. வெளியே கொடுத்துப் பின்னினாலும் வாங்கும்போது இதை மட்டும் பாருங்கள்: மூலைவாட்டு இழைகள் நேர்க்கோடாக ஓடுகின்றனவா, பல்பல்லாக நெளிகின்றனவா?

மறைவான செலவுகள் இரண்டு. ஒன்று நேரம். பழகிய கைக்கே ஒரு இருக்கை முழு நாள் வேலை, புதுக் கைக்கு இரண்டு வார இறுதிகள். கூலிதான் இதில் பெரும்பங்கு, பொருள் கொஞ்சம்தான். இரண்டு, மூட்டு. ஆடும் மூட்டை ஒட்டாமல் பின்னினால் பின்னலைப் பிரிக்காமல் அதை மறுபடி கழற்ற முடியாது. முதலில் மூட்டு, அடுத்து பாலிஷ், கடைசியில்தான் பிரம்பு. வரிசை மாறினால் பாலிஷ் போடுகிறவர் புதுப் பின்னலையும் சேர்த்துப் பூசிவிடுவார். அதே நேரம், அரக்கில் செய்த ஸ்பிரிட் பாலிஷ் மீது ஈர இழை படிந்தால் வெள்ளை பூக்கும். அதனால் பின்னும்போது பக்கத்தில் ஒரு காய்ந்த துணி இருக்கட்டும்.

நன்றாகப் பின்னியது பதினைந்து இருபது வருடம் வரும். சாய்வு நாற்காலி மாதிரி வளைந்த நீளமான சட்டத்துக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை.

## ரெடிமேட் பிரம்பு வலை

கடையில் கேன் வெப்பிங், ரத்தன் ஷீட் என்று கேட்டால் கிடைக்கும். அதே எட்டு மூலைக் கண் பின்னல், இயந்திரத்தில் பின்னிச் சுருளாக வருகிறது. தேவையான அளவு வெட்டி, ஊறவைத்து, காடியில் மரஆப்பால் அழுத்தி, ஃபெவிகால் மாதிரி பசை விட்டு, மேலே குச்சியைத் தட்டிப் பதிக்க வேண்டும். காய்ந்ததும் முரசுத் தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். இரண்டு மணி நேர வேலை.

இதை மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் சம்மதமில்லை. வடிவமைப்பாளர் மார்செல் பிராயர் 1928-இல் வடிவமைத்த, இரும்புக் குழாயை வளைத்துப் பிரம்பு இருக்கை போட்ட நாற்காலி உலகம் முழுக்கப் பரவியது. இன்று அந்த மாதிரியில் வருபவற்றில் இயந்திர வலைதான் பெரும்பாலும் இருக்கிறது. காடியோடு பிறந்த நாற்காலிக்கு வலை போடுவதே சரி, அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், துளை போட்ட நாற்காலியைக் கொண்டுபோகும்போது. “பின்ன ஆள் கிடையாது சார், ரூட்டர் வச்சு காடி எடுத்து ஷீட் போட்டுடறேன்” என்று ஆசாரி சொல்வார். ரூட்டர் என்பது மரத்தில் பள்ளம் வெட்டும் மின்கருவி. எங்கள் உறவுக்காரர் வீட்டில் இரண்டு நாற்காலிக்கு அப்படிச் செய்தார்கள். ஏற்கெனவே துளைகளால் பலம் குறைந்த சட்டம், அதே கோட்டில் பள்ளமும் வெட்டியாயிற்று. வலை காய்ந்து இழுத்ததில் ஒன்றின் முன்சட்டம் மூலையில் விரிந்துவிட்டது. இப்போது அதில் பின்னவும் முடியாது, வலை போடவும் முடியாது. முன்சட்டத்தையே மாற்ற வேண்டும். காசு மிச்சம் என்று தொடங்கிய வேலை அது.

பசையையும் கவனியுங்கள். தண்ணீரில் கரையாத பசையோ எம்-சீல் மாதிரி சமாச்சாரமோ வேண்டாம். பத்து வருடம் கழித்து இந்த வலையும் கிழியும். அப்போது குச்சியைப் பிடுங்க வரும் ஆள் உளியால் காடியின் உதட்டையும் சேர்த்துப் பெயர்ப்பார். சுருளின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள், 18 அங்குலம் பல நாற்காலிகளுக்குப் போதாது.

## பிளாஸ்டிக் ஒயர்

பிரம்பு ஆர்வலர்கள் முகம் சுளிக்கும் இடம். நான் சுளிக்க மாட்டேன். சாரல் அடிக்கும் திண்ணை, கடற்கரைப் பக்கத்து வீடு, தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவும் முற்றம் என்றால் பிரம்பு கறுத்துப் பூஞ்சணம் பிடித்துவிடும், ஒயருக்குக் கவலை இல்லை. ஒயர் கட்டில் பின்னுகிறவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள், ஆள் தேடி அலைய வேண்டாம்.

முக்கியமாக, துளைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. நாளைக்கே ஒயரை அறுத்துப் போட்டுவிட்டுப் பிரம்பு பின்னலாம். அதனால்தான் துளை நாற்காலியில் காடி வெட்டுவதைவிட ஒயர் எவ்வளவோ தேவலை என்கிறேன். பார்க்க அழகு குறைவுதான், ஆனால் காயம் இல்லை.

அதற்கும் மறைவான செலவு உண்டு. பிரம்பு மாதிரி எட்டு மூலைக் கண் பின்னல் வேண்டும் என்று கேட்டால் கூலியும் ஏறக்குறைய அதே கூலிதான். அதே துளை, அதே ஏழு சுற்று, பொருளில் மட்டும்தான் மிச்சம். சதுரக் கட்டமாகப் பின்னினால்தான் உண்மையிலேயே மலிவு. ஒயர் வெயிலில் இளகித் தொய்யும், தொய்ந்தால் ஒத்தடமெல்லாம் பலிக்காது. அதனால் சிலர் முதலிலேயே முழு பலத்தோடு இழுத்துக் கட்டுவார்கள், உளுத்த சட்டமென்றால் துளை ஓரம் சிதறிவிடும். சித்திரை வெயிலில் அரைமணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் தொடையில் கட்டம் பதிந்திருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

## பலகையும் குஷனும்

நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கும், முட்டி வலியோடு எழுந்திருக்கச் சிரமப்படும் பெரியவருக்கும் இது நல்ல யோசனைதான். இரண்டு மூன்று அங்குலம் உயர்ந்த இருக்கையிலிருந்து எழுவது எளிது. சாப்பாட்டு மேசை நாற்காலி என்றால் அதே உயரம் தொந்தரவு. தொடை மேசையில் இடிக்கும், கைப்பிடியும் தாழ்ந்துபோகும்.

ஆனால் ஆணி அடிக்க விடாதீர்கள். துளை வரிசையை ஒட்டி ஆணி இறங்கினால் விரிசல் துளைக்குத் துளை தாவும். சட்டத்தின் மேல் சும்மா உட்காரும்படி பலகையை வெட்டி, நகராமலிருக்க அடியில் இரண்டு ரீப்பர் துண்டுகளை ஒட்டச் சொல்லுங்கள். பிரம்பின் காற்றோட்டம் போய்விடும், மே மாதத்தில் ரெக்ஸின் குஷன் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியாததல்ல.

குஷனுக்காகப் பேசுகிறவர்கள் மூட்டைப்பூச்சியை இழுப்பார்கள். பழைய ஆபீஸ் நாற்காலிகளில் பிரம்புத் துளைகள்தான் அவற்றின் குடியிருப்பு, உண்மைதான். மொட்டை மாடியில் வெயிலில் போட்டு வைப்பார்கள், கொதிநீர் ஊற்றுவார்கள், பாலிஷ் போகும், பூச்சி போகாது. ஆனால் அது குஷனின் தையலிலும் குடியேறும். இதை வைத்து முடிவெடுக்க ஒன்றுமில்லை.

## கொடுத்துவிட்டுப் புதுசு வாங்குவது

கால் உளுத்து, சட்டம் இரண்டு இடத்தில் பிளந்திருந்தால் சரி, விடைகொடுங்கள். மரம் நன்றாக இருந்தால் மட்டும் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். சண்டிகர் அரசுக் கட்டடங்களுக்காக 1950-களில் பியேர் ஜான்ரே வடிவமைத்த தேக்கு-பிரம்பு நாற்காலிகள் உடைந்துபோனதும் கழிவு விலைக்கு ஏலத்தில் போயின. பிறகு அவை வெளிநாட்டு ஏலங்களில் பெரும் விலைக்குக் கைமாறின. நம் வீட்டு நாற்காலிக்கு அந்த யோகம் வரும் என்று சொல்லவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் ஒருமுறை விலை கேட்டுப் பாருங்கள், பழைய தேக்குக்கு என்ன மதிப்பு என்று தெரியும்.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது சரி | மறைவான செலவு | பிரிக்க முடியுமா |
|---|---|---|---|
| வெந்நீர் ஒத்தடம் | தொய்வு மட்டும், இழை அறுபடவில்லை | ஒரு நாள் காத்திருப்பு | கேள்வியே இல்லை |
| கையால் பின்னுவது | துளை நாற்காலி, நல்ல மரம், கூடத்தில் இருப்பது | நேரம், மூட்டு, பாலிஷ் | முடியும் |
| வலை, ஏற்கெனவே உள்ள காடியில் | காடி நாற்காலி | தவறான பசை | முடியும் |
| வலை, புதிதாக வெட்டிய காடியில் | எனக்குத் தெரிந்து இல்லை | சட்டமே போகலாம் | முடியாது |
| ஒயர் | ஈரம், சாரல், கையில் காசு குறைவு | பின்னலைப் பொறுத்துக் கூலி | முடியும் |
| பலகை, குஷன் | நீண்ட நேர வேலை, முட்டி வலி | உயரம், வெக்கை | ஆணி அடிக்காவிட்டால் முடியும் |

## ஆள் தேடும்போது

மயிலாடுதுறை மாவட்டத்தில், கொள்ளிடத்துக்குப் பக்கத்துத் தைக்காலில் சாலையோரம் பிரம்புக் கடைகள் உண்டு. அங்கே கண்ணில் படுவது பெரும்பாலும் முழுப் பிரம்பை வளைத்துச் செய்த ஊஞ்சலும் சோபாவும். தேக்கு நாற்காலிக்கு இழை பின்னுவது வேறு கை, அதனால் நாற்காலியை வண்டியில் ஏற்றும் முன் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். பார்வையற்றோருக்கான தொழிற்பயிற்சிகளில் நாற்காலி பின்னுவது நெடுங்காலமாக இருந்துவருகிறது. உங்கள் ஊரில் அப்படிப் பயின்றவர்கள் இருந்தால் முதலில் அவர்களிடம் கேளுங்கள். இந்த வேலையில் துளையைத் தேடுவதும் இழையின் இறுக்கத்தைச் சொல்வதும் விரல்தான்.

விலை பேசும் முன் துளைகளை எண்ணி, இடைவெளியை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். “ஒரு சேர் எவ்வளவு?” என்று கேட்டால் ஒரு விலை வரும், “76 துளை, 16 மி.மீ. இடைவெளி” என்றால் வேறு மரியாதை வரும். இழை பிரம்பா, பிளாஸ்டிக்கா என்று வாய்விட்டுக் கேளுங்கள், பிரம்பு நிறத்திலேயே ஒயர் வருகிறது. வார்னிஷ் பூச வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். பூசினால் நாளைக்கு ஒத்தடம் கொடுக்கும்போது தண்ணீர் உள்ளே இறங்காது.

திரும்பி வந்த நாற்காலி முதல் சில வாரம் உட்காரும்போதெல்லாம் முனகும், அது பழுதில்லை. இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள்: புது இருக்கை வைக்கோல் நிறத்தில் இருக்கும், பழைய முதுகு தேன் நிறத்தில். பார்க்கிறவர்களெல்லாம் “முதுகையும் மாத்திடலாமே” என்பார்கள். வருடங்கள் போகப் போக இருக்கையும் நிறம் ஏறும். முதுகில் இழை எதுவும் அறுபடவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அதன் மேல் ஏறி யாரும் ஒட்டடை அடிப்பதில்லை.